யந்திரக்கையும் கூலி நாட்களும்: சிறுதுளை அறுவை சிகிச்சையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

‘ரோபோ’ என்கிற சொல்லுக்கு வயது நூறுக்குச் சற்று மேல். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகமொன்றின் வாயிலாக அது உலக மொழிகளுக்குள் நுழைந்தது. செக் மொழியில் ‘ரோபொத்தா’ என்றால் பண்ணையடிமைகள் தம் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்து தரவேண்டிய கட்டாய உழைப்பு. நம்மூர்ச் சொல்லில் சொல்வதானால் வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிப்பதும் இத்தகைய உழைப்பைத்தான். அந்தச் சொல் இன்றைய பேச்சுத்தமிழில் ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்கிற பொருளுக்கு இறங்கிவிட்டது. சாப்பெக்கின் சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. கட்டாய உழைப்பைக் குறித்த சொல் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் விளம்பரப் பலகைகளில் கௌரவத்தின் அடையாளமாகத் தொங்குகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குள் போகிற நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்கள் இத்தகைய பலகைகளின் மொழியை அறிவார்கள். ரோபோ மூலம் அறுவை சிகிச்சை, சிறிய தழும்பு, குறைந்த ரத்தப்போக்கு, குறைந்த வலி, சீக்கிரம் வீடு திரும்பலாம். இவற்றில் எதுவும் முழுப்பொய் இல்லை. ஆனால் இந்த வாசகங்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். சம்பளத்தோடு லீவு உள்ள, தழும்பைப் பற்றிக் கவலைப்பட அவகாசமுள்ள ஓர் உடலை அவை முன்னிறுத்துகின்றன. அதே சாலையில் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் முதல் கேள்வி தழும்பைப் பற்றியதாக இருக்காது. ‘எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?’ என்பதாகவே இருக்கும்.

சிறுதுளை அறுவை சிகிச்சையின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து வாசிக்க முடியுமா என்று பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். ‘எல்லாம் பணக்காரன் வைத்தியம், நமக்கெதற்கு’ என்று ஒதுக்குகிற பழக்கம் நம் இயக்க வட்டாரங்களில் உண்டு. ‘யந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற நம்பிக்கை ஆஸ்பத்திரி விளம்பரங்களில் உண்டு. இரண்டுமே ஒரு கணக்கைப் போடாமல் விட்டுவிடுகின்றன. துளை சிறிதாவதால் நோயாளிக்குச் சில நாட்கள் மிச்சமாகின்றன. மிச்சமாகும் அந்த நாட்கள் யாருக்குச் சொந்தம்?

2

அறுவை அறைக்குள் நுழைந்த யந்திரக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஓசூர் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. அது கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் ‘யூனிமேட்’ என்கிற யந்திரக்கை பொருத்தப்பட்டது. அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதக் கை வெந்துபோகிற இடத்தில் அது நின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அங்கே நின்றிருந்த ஆளின் கூலியும் அதோடு போயிற்று என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அதே யூனிமேஷன் நிறுவனம் 1970களின் இறுதியில், ஜெனரல் மோட்டார்ஸின் தேவைகளை ஒட்டி, உதிரிபாகங்களைப் பொருத்துவதற்காகப் ‘பூமா’ என்கிற சிறிய கையை உருவாக்கியது. 1985இல் கலிபோர்னியாவின் லாங்பீச் நகர மருத்துவமனையொன்றில், மூளைக்குள் ஊசி செலுத்தித் திசு எடுப்பதற்கு, ஊசியின் திசையைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு இந்தப் பூமாவைப் பயன்படுத்தினார்கள். ரோபோ அறுவையின் வரலாறு வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்கப்படுகிறது. யூனிமேஷனை அப்போது வாங்கியிருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இந்த உபயோகத்தை ஏற்கவில்லை. வேலி போட்டு மனிதர்களை எட்ட நிறுத்திவிட்டு இயக்கவேண்டிய யந்திரம் அது, மனித உடலுக்குப் பக்கத்தில் வைப்பது பாதுகாப்பல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற மனிதர்களின் கதைதான் ஓசூரின் கதை. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரின் மேட்டு நிலங்களில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கி ஓசூரில் ஆலை எழுப்பின. ராகியும் அவரையும் விளைந்த ஊர்களின் பிள்ளைகள் அங்கே நுண்பொருட்களைக் கையாளும் கைகளாகப் பயிற்றப்பட்டார்கள். கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2021இல் போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலையை எழுப்பிய ஓலா, ஒரே மூச்சில் இரண்டு எண்களைச் சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரோபோக்கள். பத்தாயிரம் பெண் தொழிலாளர்கள். ரோபோ தன் இடத்தைப் பிடிக்குமா என்று மனிதர்கள் அஞ்சுவதாக நாம் படித்திருக்கிறோம். இங்கே நடப்பது வேறு. ரோபோவும் இளம்பெண்ணும் ஒரே வரிசையில், ஒரே அறிவிப்பில் நிறுத்தப்படுகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். யந்திரம் பழுதானால் சரிசெய்வது கம்பெனியின் செலவு. தொழிலாளியின் உடல் பழுதானால் அது யார் செலவு என்பது அவர் எந்த ஒப்பந்தத்தின்கீழ் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

3

சிறுதுளை அறுவை என்பது ரோபோவுக்கு முந்தியது. வயிற்றைக் கிழித்துத் திறப்பதற்குப் பதிலாக அரை அங்குல அளவுக்கும் குறைவான சில துளைகளைப் போட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்து, ஒரு துளை வழியே விளக்கும் கேமராவும், மற்றவற்றின் வழியே நீண்ட கருவிகளும் நுழைத்துச் செய்வது. ‘லேப்ராஸ்கோபி’ என்கிற சொல் இன்று ஓசூர் டீக்கடைகளுக்கும் பழக்கமானது.

இந்த முறைக்கு மருத்துவ நிறுவனம் முதலில் அளித்த வரவேற்பு அவமானம்தான். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்கிற மகப்பேறு மருத்துவர் குடல்வாலை இம்முறையில் அகற்றியபோது, அவரைத் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யவேண்டும் என்கிற கோரிக்கை அறுவை மருத்துவர்களிடமிருந்தே எழுந்தது. 1985இல் அதே நாட்டின் பூப்லிங்கன் நகரில் எரிக் மூஹே பித்தப்பையை இம்முறையில் அகற்றினார். அவரையும் சகமருத்துவர்கள் ஏளனம் செய்தார்கள். ‘பெரிய மருத்துவர் பெரிதாக வெட்டுவார்’ என்பது அக்காலத்து அறுவை மருத்துவர்களின் பெருமிதமாக இருந்தது. நோயாளியின் உடலில் விடப்படும் வெட்டின் நீளம் மருத்துவரின் அதிகாரத்துக்கு அளவுகோல்.

இந்தியாவில் நடந்ததை நாம் தனியே கவனிக்கவேண்டும். 1990 மே மாதம் பம்பாயில் டெஹெம்டன் உத்வாடியா முதன்முதலாக இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். நடந்த இடம் ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரி அல்ல. ஏழைகள் வரிசையில் நிற்கிற ஜே.ஜே. அரசு மருத்துவமனை. இது வசதியானவர்களின் ஆடம்பரம் என்கிற வாதத்தை அவர் தொடர்ந்து மறுத்துவந்தார். தினக்கூலியில் வாழ்கிறவனுக்குத்தான் சீக்கிரம் எழுந்து நடக்கவேண்டிய அவசியம் அதிகம்; ஆகவே ஏழை நாட்டுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது அந்த நிலைப்பாட்டின் சாரம். அடுத்த ஆண்டுகளில் தமிழகத்தில் கோயம்புத்தூர் இம்முறையின் மையங்களில் ஒன்றாயிற்று. அங்கே மருத்துவர் சி. பழனிவேலுவும் அவர் குழுவினரும் உணவுக்குழல் புற்றுநோய் போன்ற கடினமான அறுவைகளுக்கும் இம்முறையைக் கொண்டுசென்றார்கள்.

துளை சிறிதாவதால் உண்மையில் கிடைப்பது என்ன? வயிற்றின் தசைச்சுவர் நீளமாக அறுபடுவதில்லை. ஆகவே இருமவும், மூச்சை ஆழ இழுக்கவும், எழுந்து நடக்கவும் வலி தடையாக நிற்பதில்லை. நடப்பதால் காலில் ரத்தம் உறைவதும், மூச்சு இழுப்பதால் நுரையீரலில் சளி கட்டுவதும் குறைகின்றன. புண்ணில் சீழ் பிடிப்பதும், பின்னாளில் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்குவதும் குறைகின்றன. பித்தப்பையைத் திறந்து எடுத்தால் வேலைக்குத் திரும்ப ஒன்று முதல் ஒன்றரை மாதம் ஆகும். துளை வழியே எடுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரம். ஒரு பேச்சுக்கு நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்தால், மிச்சமாகும் முப்பது நாள் என்பது 15,000 ரூபாய். வட்டிக்கு வாங்காமல் தப்பிய 15,000 ரூபாய். விளம்பரப் பலகை சொல்லாத நன்மை இதுதான்.

4

லேப்ராஸ்கோபியின் கஷ்டம் மருத்துவரின் பக்கம் இருந்தது. கருவிகள் நேர்க்குச்சிகள், மணிக்கட்டு கிடையாது. துளையில் ஊன்றித் திரும்புவதால் கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். படம் தட்டையானது. மணிக்கணக்கில் கோணலாக நின்று செய்கிற வேலை. ரோபோ இந்தக் கஷ்டங்களுக்கான பதில். மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் மேல் குனிந்து நிற்கும் யந்திரக்கைகள் அந்த அசைவை, நடுக்கத்தை வடிகட்டி, அளவைச் சுருக்கி, உள்ளே மணிக்கட்டுள்ள நுண்கருவிகளில் நிகழ்த்துகின்றன. யந்திரம் தானாக எதையும் முடிவுசெய்வதில்லை. ‘ரோபோ ஆபரேஷன் செய்தது’ என்பது தவறான வாக்கியம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் ‘ஆண்டான்–அடிமை’ முறை. மருத்துவர் உட்காரும் மேசை ஆண்டான். நோயாளியின் மேல் நிற்கும் கைகள் அடிமை. ரோபொத்தாவில் தொடங்கிய சொல் இப்படித் தன் வேரையே மறுபடி உச்சரிக்கிறது. இதன் பிறப்பிலும் ராணுவம் உண்டு. போர்க்களத்தில் அடிபட்ட சிப்பாய்க்குத் தொலைவில் பாதுகாப்பாக இருக்கும் மருத்துவர் அறுவை செய்ய முடியுமா என்கிற அமெரிக்கப் பாதுகாப்புத்துறை ஆராய்ச்சியின் பணம் இதற்குள் ஓடியது. 1995இல் தொடங்கிய இன்டியூட்டிவ் சர்ஜிகல் நிறுவனத்தின் ‘டா வின்சி’ யந்திரம் 2000த்தில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழாக் மாரெஸ்கோ, வேறொரு நிறுவனத்தின் யந்திரத்தைக் கொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார்.

தொடாமல் அறுப்பது என்பதை நம் சமூகத்தில் வைத்து வாசிக்கும்போது வேறொரு வரலாறும் எழுந்துவருகிறது. ரணத்தைத் தொட்டு வைத்தியம் செய்த கையும், பிள்ளைப்பேறு பார்த்த கையும் இங்கே தீட்டுக்குரிய கைகளாகவே நடத்தப்பட்டன. ‘மருத்துவர்’, ‘மருத்துவச்சி’ என்பவை முடிதிருத்தும் சாதியாரின் பெயர்களாக இருந்து, அதே காரணத்துக்காக இழிவும் செய்யப்பட்டன. காலனிய மருத்துவக் கல்லூரிகளுக்குப் பின் அதே வேலை பட்டமாகவும் கௌரவமாகவும் மாறி, மேல்சாதிக் கைகளுக்கு இடம்பெயர்ந்தது. இப்போது அந்தக் கௌரவமான கை உடலை விட்டு இன்னும் பத்தடி தள்ளி உட்கார்கிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றுகிற உதவியாளர், நர்ஸ், ரத்தம் தோய்ந்த துணியை எடுக்கிற, தரையைத் துடைக்கிற ஊழியர் ஆகியோரின் தொடுதல் மட்டும் அப்படியே இருக்கிறது. இவர்களில் கணிசமானோர் காண்ட்ராக்டில் இருப்பவர்கள். ரோபோ அறையிலும் தொடுகிற வேலைக்குக் கூலி குறைவுதான்.

5

சரி, நோயாளிக்கு நன்மை எவ்வளவு? இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்காவிட்டால் ஏமாந்துபோவோம். திறந்த அறுவையோடு ஒப்பிடுகிறோமா, லேப்ராஸ்கோபியோடு ஒப்பிடுகிறோமா?

திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் நன்மை தெளிவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் முன்னூறுக்கு மேற்பட்ட ஆண்களிடம் புராஸ்டேட் சுரப்பி அகற்றலை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ரோபோ முறையில் ரத்த இழப்பு திறந்த முறையில் ஆனதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் பாதி அளவே. ஆனால் பன்னிரண்டு வாரம் கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவுச் செயல்பாட்டிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக அறுவைக்குள்ளான 338 பேரை எடுத்துக்கொண்டு, நமக்கு மிகவும் உதவுகிற ஓர் அளவுகோலை முன்வைத்தது. அறுவைக்குப் பிந்தைய 90 நாட்களில் உயிரோடு, ஆஸ்பத்திரிக்கு வெளியே கழிந்த நாட்கள் எத்தனை? ரோபோ முறையில் 82, திறந்த முறையில் 80. புண் தொடர்பான சிக்கல்கள் திறந்த முறையில் 16 சதவீதம் பேருக்கு. ரோபோ முறையில் 6 சதவீதத்துக்கும் குறைவு.

லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்டால் படம் மாறுகிறது. மலக்குடல் புற்றுநோயாளிகள் 471 பேரை வைத்துப் பத்து நாடுகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பாதியில் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றே புள்ளியியல் தீர்ப்பளித்தது. அதாவது, கத்தியிலிருந்து துளைக்கு வந்தது பெரிய தாவல். துளையிலிருந்து ரோபோவுக்குப் போவது நோயாளிக்குச் சிறிய அடி; மருத்துவரின் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் பெரிய நிம்மதி. இடுக்கான இடங்களில், நுட்பமான தையல்களில், உடல் பருத்தவர்களில் ரோபோ கைகொடுக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் லேப்ராஸ்கோபியின் நன்மைகளை ரோபோவின் கணக்கில் வரவு வைக்கிற விளம்பரத் தந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சிறு துளை எப்போதும் நல்லது என்கிற நம்பிக்கைக்கும் அடி விழுந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் இருந்த 631 பெண்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. துளை முறையில் (லேப்ராஸ்கோபியும் ரோபோவும் சேர்த்து) அறுவை செய்துகொண்டவர்களில் நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86 சதவீதம். திறந்த முறையில் 96.5 சதவீதம். தழும்பு சிறிது, சாவு அதிகம். கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஏழைப் பெண்களின் நோய் என்பதால் இந்த முடிவு நமக்கு முக்கியம். எந்த நோய்க்கு எந்த முறை என்பதை விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது.

6

சிறுதுளையின் இந்திய வரலாற்றை 1990இல் தொடங்குவது வழக்கம். அது பித்தப்பையின் வரலாறு. அதற்கு முன்பே லட்சக்கணக்கான கிராமத்துப் பெண்களின் வயிற்றில் இந்தத் துளை போடப்பட்டாயிற்று. கு.க. ஆபரேஷன் என்று நம் ஊர்களில் சுருக்கமாகச் சொல்லப்படுகிறதே, அதன் முகாம்களில்தான் லேப்ராஸ்கோப் இந்நாட்டின் ஏழை உடலை முதலில் சந்தித்தது.

நெருக்கடி நிலையின்போது 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பான்மை ஆண்களுக்கு. அதன் அரசியல் விலையைத் தேர்தலில் கொடுத்த அரசு இயந்திரம், பின்னர் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை நோக்கித் திரும்பியது. 1970களின் இறுதியிலிருந்து பரவிய லேப்ராஸ்கோப் அதற்கு வசதியாக அமைந்தது. சில நிமிட வேலை, சின்ன துளை, படுக்கை தேவையில்லை, அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம்.

குறைந்த வலி, சீக்கிரம் வீடு என்று இன்று நன்மையாகப் பட்டியலிடப்படும் அதே அம்சங்கள் முகாமில் இலக்கை எட்டும் வேகமாக உருமாறின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் கருத்தடை செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாதம் ஒடிசாவில் ஒரு முகாமில் பெண்களின் வயிற்றை உப்பவைக்கச் சைக்கிள் பம்பு பயன்படுத்தப்பட்டது வெளியே வந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது. தொழில்நுட்பம் அங்கே பழையதாக இருந்தது என்பது இதற்குக் காரணமல்ல. அந்தப் பெண்களுக்குத் துளையைக் கேட்கவும் மறுக்கவும் அதிகாரம் இல்லாதிருந்தது. மிச்சமான நேரம் அவர்களுக்குச் சேரவில்லை, இலக்கு வைத்த நிர்வாகத்துக்குச் சேர்ந்தது.

மிச்சமாகும் நாட்கள் யாருக்குப் போகின்றன என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் இன்னும் கொடிய சாட்சி. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொண்டிருப்பது 2019இல் நாடறிந்த செய்தியாயிற்று. மாதவிடாய் நாட்களில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்டவேண்டும் என்கிற நிலை அதன் பின்னணியில் பேசப்பட்டது. அறுவை சிகிச்சை அங்கே நோயைக் குணப்படுத்தவில்லை; லீவை ரத்து செய்தது. இந்தத் தர்க்கம் கரும்புக் காட்டோடு நின்றுவிடும் என்று ஓசூர்ப் பகுதியில் இருக்கும் நாம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

7

தமிழக அரசு மருத்துவமனைகளில் ரோபோ முதன்முதலாக வந்தது 2022 மார்ச்சில், சென்னை ஓமந்தூரார் வளாகத்துப் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில், சுமார் 35 கோடி ரூபாய் செலவில். 2010இல் புதிய சட்டமன்ற வளாகமாகத் திறக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டு, 2014இல் ஆஸ்பத்திரியான கட்டடம் அது. அரசியல் பகையின் விளைவாகவே ஆயினும், அதிகாரத்தின் கட்டடமொன்று நோயாளிகளின் கைக்கு வந்தது. லட்சங்கள் கொட்டவேண்டிய அறுவை ஏழைக்கும் எட்டும் என்றாக்கியதில் இந்த ஏற்பாட்டுக்கு முக்கியத்துவம் உண்டு. இதைச் சிறிதாக்கிப் பேசக்கூடாது.

யந்திரத்தின் பொருளாதாரத்தையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். டா வின்சி யந்திரத்தின் கருவிகள் பல ஆண்டுகள் வரை பெரும்பாலும் பத்துத் தடவைக்கு மேல் வேலை செய்யாதபடி உள்ளேயே எண்ணிக்கைப் பூட்டு வைத்துத்தான் விற்கப்பட்டன. 2020க்குப் பின் சிலவற்றுக்கு இது 12 முதல் 18 வரை நீட்டப்பட்டது. தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதில்லை. எண்ணிக்கை முடிந்தால் புதிது வாங்கவேண்டும். குருகிராமில் உருவான ‘எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா’ யந்திரம் 2022இல் இந்திய ஒப்புதல் பெற்றபின் இந்த ஏகபோகத்துக்கு உள்நாட்டுப் போட்டி தொடங்கியிருக்கிறது. விலை குறைந்தால் அது நோயாளியின் பில்லில் தெரியவேண்டும் என்று கேட்பது நம் வேலை.

கிருஷ்ணகிரிக்கு வருவோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் பெரிய நோய் வந்தால் ஓசூர்க்காரர் பார்ப்பது வடக்கே. பெங்களூரில் நம் ஊரின் பெயரையே தாங்கிய ஓசூர் ரோட்டை ஒட்டித்தான் நிம்ஹான்ஸ், கித்வாய் புற்றுநோய் மையம், செயின்ட் ஜான்ஸ், பொம்மசந்திராவின் நாராயணா எல்லாம் நிற்கின்றன. நாற்பது கிலோமீட்டர் தூரம். நடுவில் ஒரு மாநில எல்லை. உழைப்பு அந்த எல்லையைத் தினமும் தாண்டுகிறது. தமிழக அரசின் காப்பீட்டு அட்டை அதே சுலபத்தோடு தாண்டுவதில்லை.

அந்த அட்டை யாருக்கு என்பதும் ஒரு கேள்வி. 2009இல் கலைஞர் பெயரிலும் 2012 முதல் முதலமைச்சர் பெயரிலும் நடந்துவரும் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 2022இல் ஆண்டுக்கு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதக் கணக்கில் 10,000 ரூபாய். சிப்காட்டில் 12,000 வாங்குகிற ஒருவர் இந்த வரம்பைத் தாண்டிய ‘வசதியானவர்’. அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டே என்பார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இந்த ஏற்பாடு இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் பெரிய பேறு; ஓசூரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அச்சட்டம் வகுத்த முறைப்படி, சிகிச்சைக்கான உரிமை வேலையில் சேர்ந்ததும் தொடங்கிவிடுகிறது. நோயால் இழக்கும் கூலிக்கு ஈடாக 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கவேண்டும். ஆனால் அதைப் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்கவேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்தப் பணம் தொடங்குவதே ஒன்பது மாதம் கழித்து. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டவர்கள் ‘தொழிலாளி’ என்கிற வரையறைக்கே வெளியே. நோய்க்கால உதவி பெறும் நாட்களில் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று அச்சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. காண்ட்ராக்டில் இருப்பவரை நீக்கவேண்டிய அவசியமே இல்லை. மறுபடி கூப்பிடாமல் இருந்தால் போதும்.

இங்கேதான் சிறுதுளையின் நன்மை இரண்டு முகம் கொள்கிறது. வெளியே துளை சின்னது. உள்ளே அறுப்பு அதே அறுப்பு. குடலை வெட்டி இணைத்தாலும், கருப்பையை எடுத்தாலும், உள்காயம் ஆறுவதற்குத் தன் காலத்தை எடுத்துக்கொள்ளும். பாரம் தூக்குவதைச் சில வாரங்களுக்குத் தவிர்க்கவேண்டும். முன்பு நீளமான தழும்பு ஒரு சாட்சியாக இருந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினால் சூப்பர்வைசரும் வாயை மூடிக்கொள்வார். இப்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ‘துளை ஆபரேஷன்தானே, நாலு நாள்ல எல்லாரும் எழுந்து வர்றாங்களே’ என்கிற பேச்சு அறிவியலின் பெயராலேயே பேசப்படும். உடலுக்கு மிச்சமான வலி, கூலி கொடுப்பவரின் கணக்கில் மிச்சமான லீவாக எழுதப்படும்.

8

ஆகவே கேட்கவேண்டியதை வரிசைப்படுத்திக் கேட்கவேண்டியிருக்கிறது. முதலில் லேப்ராஸ்கோபி. பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம், கருப்பைக் கட்டி ஆகியவற்றுக்கு மாவட்ட மருத்துவமனையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும், காத்திருக்க வைக்காமல், பயிற்சி பெற்ற மருத்துவரும் மயக்க மருத்துவரும் வாரம் முழுவதும் இருக்கும்படி அது கிடைக்கவேண்டும். நோயாளிக்குக் கிடைக்கிற நன்மையின் பெரும்பகுதி இந்தத் தாவலில்தான் இருக்கிறது. இதற்கு 35 கோடி தேவையில்லை. அடுத்தது ரோபோ. அது எந்த நோய்க்கு உண்மையாகவே கூடுதல் பயன் தருகிறதோ அதற்கு, அரசு மருத்துவமனை வழியாக, சேலத்துக்கும் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் எட்டும் தூரத்தில். எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேர் எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்கிற கணக்கு மக்கள் படிக்கும்படி வெளியிடப்படவேண்டும். 90 நாட்களில் எத்தனை நாள் என்று பிரிட்டனில் எண்ண முடிந்ததை இங்கும் எண்ண முடியும்.

மூன்றாவதை மருத்துவர்கள் கேட்கமாட்டார்கள். தொழிற்சங்கம்தான் கேட்கவேண்டும். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட், அப்ரண்டிஸ் என்று பாராமல், அறுவைக்குப் பின் ஓய்வு நாட்களுக்குக் கூலி. திரும்பி வந்தால் அதே வேலை. பெண் தொழிலாளர்களின் ஹாஸ்டல்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், கருப்பை சம்பந்தமான எந்த அறுவைக்கும் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை, அதற்கான ஒரு நாள் லீவோடு. பீட்டில் நடந்தது இங்கே நடக்காமலிருக்க இதுதான் குறைந்தபட்சக் காவல்.

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவரிடம் கம்பெனி கேட்கிற காகிதம் ஒன்று உண்டு. ஃபிட்னஸ் சர்டிபிகேட். எந்தத் தேதியிலிருந்து இவர் வேலைக்குத் தகுதியானவர் என்று அதில் ஒரு வரி எழுதவேண்டும். ரோபோவின் கை நடுங்காது. அந்த வரியை எழுதுகிற மருத்துவரின் கையும் கம்பெனியின் அவசரத்துக்காக நடுங்காமல் இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேறு யந்திரம் கிடையாது, சங்கம்தான் உண்டு.